மூன்றாம் அறையில் உன் முகம்

அன்புள்ள மகன் ஹியேனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை தூயும் சுகம், என் முழங்கால் வலியும் எங்களோடு சேர்ந்து சுகமாகத்தான் இருக்கிறது. நீயும் மருமகளும் பேத்தி ஹானும் அந்தப் பிராக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் அப்பா படத்துக்கு ஊதுபத்தி ஏற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் கடையில் ஆள் நிற்கிறது என்கிறாய், போனையும் எங்கேயோ சாய்த்து வைத்துவிடுகிறாய், எனக்குத் தெரிவது உன் கடைக் கூரையும் ஒரு குழல்விளக்கும்தான். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இங்கே மழை விட்டுவிட்டது, கணவாய் மீன் நிறையப் படுகிறது, தூய் உனக்கென்று காயவைத்து எடுத்து வைத்திருக்கிறாள். அங்கே நம் வியட்நாம்காரர் சந்தையில் கிடைப்பதெல்லாம் ரப்பர் என்று நீதானே சொன்னாய். பெரிய செய்தி வேறு. சிறைச்சாலை அருங்காட்சியகத்தில் மூன்றாம் அறையில் இருந்த உன்னை எடுத்துவிட்டார்கள். போர்க்காலத்தில் அங்கே அடைபட்டவர்களைப் பொம்மையாகச் செய்துவைக்க ஒரு சிற்பி வந்தாரே, ஆளுக்கொரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி நம் தெருப் பையன்கள் முகத்தில் சாந்தை அப்பி அச்சு எடுத்தாரே, அது. உனக்கு அப்போது பத்தொன்பது. அடக்க முடியாமல் நீ சிரித்ததில் வாயோரம் கொஞ்சம் கோணி அப்படியே பதிந்துவிட்டது. சட்டையில்லாமல், காலில் விலங்கோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கைதி இந்த உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

நீ போன பிறகுதான் நான் அங்கே பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளத்துக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும். காலையில் கதவு திறந்ததும் மூன்றாம் அறைக்குப் போய் ஈரத்துணியால் உன் முகத்தைத் துடைப்பேன், தூய்க்கு வந்த வரன், வீட்டில் ஒழுகிய ஓடு, எல்லாம் சொல்வேன். ஒரே ஒரு வயிற்றெரிச்சல், பார்க்க வருகிறவர்கள் உன் முன்னால் ஊதுபத்தி ஏற்றிவைத்துவிட்டுப் போவார்கள். செத்தவர்களுக்கு ஏற்றுவதை உயிரோடிருக்கிற பிள்ளையின் முகத்துக்கு ஏற்றினால் எந்தத் தாய் பொறுப்பாள். அவர்கள் தலை மறைந்ததும் பிடுங்கி வாளித் தண்ணீரில் போடுவேன். நீ வீட்டுப் பக்கம் வராததற்கே அந்தப் புகைதான் காரணம் என்று நம்பியிருந்தேன்.

லுவான் தாத்தா உனக்குத் தெரியும், அதே அறையில் கிடந்து பிழைத்து வந்தவர். மாதம் தவறாமல் வந்து மூன்று பத்தி ஏற்றுவார். ஒருநாள் நான் பிடுங்கும்போது கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். “ஏம்மா, அது ஒம் புள்ளைக்குனு யாரு சொன்னா, எங் கூட்டாளி வின்னுக்கு ஏத்துறேன், கூட யாரு யாருனு கேட்டு அடிச்சாங்க, ஒத்தப் பேரு அவன் வாயிலேருந்து வரல, பத்தொம்பது வயசுல இங்கயே போயிட்டான், ஒரு போட்டோகூட இல்ல, ஒம் புள்ள மொகத்த இரவல் வாங்கியிருக்கான், அவ்வளவுதான்” என்றார். அப்புறம் உன்னை உற்றுப் பார்த்து, “ஆனா இந்தக் கன்னத்துச் சதை இங்க எவனுக்கும் இருந்ததில்ல” என்றார். வின்னுக்கு அம்மா இல்லையா என்று கேட்டேன். “இருந்துச்சு, தேடி வந்து வாசல்லயே நாள் முழுக்க நின்னுச்சு, உள்ள விடல” என்றார். ஆனாலும் அவர் போனதும் பத்தியைப் பிடுங்கத்தான் செய்தேன், என் புத்தி உனக்குத் தெரியாததா.

இப்போது வந்திருக்கும் பொறுப்பாளர் பெண், பொம்மைகளெல்லாம் விரிசல் விட்டுவிட்டன, இனி அறையைக் காலியாக வைத்துச் சுவரில் பெயரை மட்டும் எழுதப்போகிறோம் என்றாள். தாத்தா சண்டைக்குப் போவார் என்று பார்த்தேன். “எங்க பேரையெல்லாம் காப்பாத்துனவன், அவன் பேராவது நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எடுக்கிற அன்று காலையில் நானே மூன்று பத்தி ஏற்றினேன், கோபப்படாதே. “வின்னு கண்ணு, ஒங்கம்மாவ வாசல்லயே நிறுத்திட்டாங்க, நான் தெனமும் உள்ள வந்து எம் புள்ளையப் பாத்தேன், அதுக்கு எடம் குடுத்தது நீதான், இப்ப அந்த மொகத்தத் திருப்பிக் குடுத்துரு” என்று கேட்டேன். பத்தி முழுக்க எரிந்து முடியும்வரை நின்றேன், பிடுங்கவில்லை.

ஹியேன், நீ வந்து ஒன்பது புத்தாண்டு ஆகிறது. ஒருமுறைகூட வா என்று நான் கேட்டதில்லை, அம்மாவுக்கு மனசு கல் என்று நினைத்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை, தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் கேட்கவில்லை. ஆனால் நான் பார்த்தவனுக்குப் பத்தொன்பது, உனக்கு முப்பத்தாறு. தலை நரைத்திருக்கிறதா, அப்பாவைப் போல முன்னால் கொட்டிவிட்டதா, எனக்குத் தெரியாது. உன் முகம் இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. எனக்குப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. இந்தப் புத்தாண்டுக்கு வா.

மூவரும் நிறைந்த ஆயுளோடு இருங்கள். ஹானுக்குக் காதை மூடித் தொப்பி போடு. நீ வரும்வரைக்கும் கூப்பிடும்போது போனைக் கூரைக்குக் காட்டாதே, கையில் பிடித்துக்கொள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா சுவோங்