ஒற்றை முழந்தாளில் நின்ற பிள்ளைகள்

இல்ஃபோர்ட்,
நவம்பர் 10, திங்கட்கிழமை

அன்புள்ள மகன் றஜீவ் அறிவது,

ஆண்டவரின் கிருபையால் நானும் அப்பாவும் தங்கச்சியும் சுகம், நீயும் அங்கே சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் சுகம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. சனிக்கிழமையில் இருந்து குசினியில் கரண்டி விழுந்தாலும் திடுக்கிடுகிறேன். போனில் கதைத்தால் நான் அழுவேன், நீ ஓகே அம்மா என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், உன் தங்கச்சி அனோஜினி இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். பத்து வருடம் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இதை வாசிக்கவாவது உதவட்டும்.

செப்டம்பரில் மினசோட்டாவில் இருந்து நீ என்ன சொன்னாய்? எங்கட காலேஜ் சின்னக் காலேஜ் அம்மா, அமெரிக்கன் ஃபுட்போல் டீமுக்கு ஆக்களே காணாது, நான் மேட்சை வீடியோ எடுத்துக் குடுக்கிறன், நீங்கள் இன்டர்நெற்றில பாக்கலாம் என்றாய். நம்பினேன். எட்டுச் சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு டிவியில் போட்டுவிட்டு, பந்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தேன். முதல் மேட்சில் அறுபத்திரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள், எனக்குக் கவலையில்லை, படம் ஆடாமல் நின்றது. மூன்றாம் மேட்சில் மழைத்துளி கமராவில் விழுந்தபோது பிள்ளை நனைகிறான் என்று அந்தரப்பட்டேன். எட்டு மேட்சும் தோற்றார்கள். அதில் நாற்பத்தேழாம் நம்பர்ச் சட்டை போட்ட ஒரு பிள்ளை ஒவ்வொரு முறையும் அடிபட்டு விழுந்து எழும்பும். ஐயோ, ஆர் பெத்த பிள்ளையோ, இதுக்குத் தாய் தகப்பன் இல்லையோ என்று நான் கேட்டேன். பக்கத்தில் இருந்த உன் தங்கச்சி போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று இப்போதுதான் விளங்குகிறது.

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் செபக் கூட்டம். நவம்பர் மாதம் என்றபடியால் மரித்த ஆன்மாக்களுக்காகச் செபமாலை சொல்லி முடித்து, வந்த பதினொரு பேருக்கும் றோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, என்ர மகன் எடுக்கிற படம் பாருங்கோ என்று நான்தான் பெருமையோடு டிவியைப் போட்டேன். அன்றைக்கு உங்கள் ஆட்கள் என்றுமில்லாதவாறு நன்றாக விளையாடினார்கள். கூட்டத்தை நடத்தும் செபமாலைமுத்து அண்ணைகூட றோல்ஸைக் கடிக்க மறந்து பார்த்தார். நாற்பத்தேழாம் நம்பர் பந்தோடு ஓட, மூன்று பேர் மேலே விழுந்தார்கள். மற்றவர்கள் எழும்பினார்கள், அவன் எழும்பவில்லை. விழுந்த வேகத்தில் ஹெல்மெற் கழன்று உருண்டது. கமரா கிட்டப் போனது. உன் முகம். நீ கமராவுக்குப் பின்னால் அல்லவா நிற்க வேண்டும், அப்படியென்றால் இதை எடுப்பது யார் என்றுதான் எனக்கு முதலில் ஓடியது, புத்தி அப்படிப் பேதலித்துவிட்டது. அதற்குள் மைதானத்தில் நின்ற அத்தனை பேரும், எதிர் டீம் பிள்ளைகளும் சேர்ந்து, ஒற்றைக் காலை மடித்து முழந்தாளில் நின்று தலையைக் குனிந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. அதோடு படமும் நின்று டிவி கறுத்துவிட்டது. நீயே சொல்லு மகன், கிடக்கிற ஒருவரைச் சுற்றி நம் ஆட்கள் முழந்தாளில் நிற்பது எப்போது? மூச்சு அடங்கும்போதுதான். செபமாலைமுத்து அண்ணை முழந்தாளிட்டார், எல்லாரும் முழந்தாளிட்டார்கள், இறந்தவர்களுக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றி செபம் தொடங்கிவிட்டது. உயிரோடு இருக்கிற என் பிள்ளைக்கு என் வாயாலேயே அதைச் சொன்னேன்.  யாரோ மன்னாரில் உன் பெரியம்மாவுக்கும் அறிவித்து, ஞாயிறு காலைப் பூசையில் உன் பெயர் இறந்தவர்களோடு வாசிக்கப்பட்டது. திருத்திச் சொல்ல நாங்கள் அடித்த போனை அவர் எடுக்கவில்லை, அதற்குள் பூசை முடிந்துவிட்டது.

படம் நின்று இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் நீ போன் எடுத்தாய். தலையில கொஞ்சம் அடி, எழும்பி நடந்துதான் வெளியில போனன், ஆருக்கும் அடிபட்டால் மற்ற ஆக்கள் முழந்தாளில நிக்கிறது இஞ்ச ஒரு மரியாதை, அடிபட்ட ஆளைக் காட்டக் கூடாது எண்டு படத்தை நிப்பாட்டினவை என்று சர்வசாதாரணமாகச் சொன்னாய். அடுத்த நாள், பதினேழுக்குப் பதினாலு, வெண்டிட்டம் என்று மெசேஜ் வேறு. பதினைந்து வயதில் றக்பியில் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு வந்தபோது, இனி விளையாடமாட்டேன் என்று மடு மாதா மேல் சத்தியம் வாங்கினேன். அது றக்பிக்குத்தானே, இது றக்பி இல்லையே என்று தங்கச்சியிடம் சொன்னாயாம். மாதாவிடமே வக்கீல் வேலை பார்க்கிறாய்.

அப்பாவைப் பற்றி உனக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பஸ் ஷிப்ட் முடிந்து வந்தவர் யூனிபோமோடு கதவடியில் நின்று பார்த்தார். முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு கோயிலில்கூட அவர் கதிரையில்தான் இருப்பார். அன்றைக்கு அப்படியே காப்பெற்றில் முழந்தாளிட்டார். ஆனால் அந்தச் செபத்தை மட்டும் சொல்லவில்லை, வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். தூக்கப் போனவர்களைக் கையால் தள்ளி, அவன் எழும்பட்டும், நான் எழும்புறன் என்றார். உன் குரலைக் கேட்ட பிறகுதான் இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். கால் வீங்கி இன்றைக்கும் வேலைக்குப் போகவில்லை.

வருகிற சனி கடைசி மேட்ச். டீமில் இருபத்தொன்பது பேர்தான் மிச்சம், நான் இல்லாமல் எப்படி என்று உன் மனம் சொல்லும். டொக்டர் பத்து நாள் விளையாட வேண்டாம் என்றால் பத்து நாள்தான். விளையாட்டையே விடு என்று எழுதத்தான் இருந்தேன், அப்பா மறித்தார். எட்டுத்தரம் தோத்தும் ஒன்பதாந்தரம் போனவன், அதைக் குறை சொல்லாத, பொய் சொன்னதைக் கேள் என்றார். கேட்கிறேன். விழுந்தால் விழுந்தேன் என்று சொல், நான் தாங்குவேன். உன்னையே பார்த்து ஆர் பெத்த பிள்ளையோ என்று கேட்டேனே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரியம்மாவுக்கு நீயே போன் எடு, உன் குரலைக் கேட்டால்தான் நம்புவாராம். சனிக்கிழமை மேட்ச் பார்க்கச் செபக் கூட்டம் முழுவதும் திரும்ப வருகிறது. படம் எடுக்கிற அந்தப் பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லி, கமராவை ஒருக்கா மைதான ஓரத்தில் விளையாடாமல் நீ இருக்கிற வாங்குப் பக்கம் திருப்பச் சொல். அப்போது நீ எழும்பி நில். அப்பா கதிரையில் இருந்து பார்ப்பார்.

மடு மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன்னைப் பெற்ற அம்மா,
றோஸ்மலர்