தேதி இல்லாத கேள்வி

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆதாரமில்லாமல் எதையும் நம்பாதவள் நம்புகிறேன் என்கிறேன், அதற்காகவாவது இரண்டு வரி எழுது. கல்லூரியில் எங்கள் துறையில் ஒழுகிக்கொண்டிருந்த கூரையை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள். கட்டுமானத் திட்டங்கள் ஏன் தாமதமாகின்றன என்று ஆய்வு செய்யும் என் மாணவி, இருநூறு பொறியாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கி வந்தாள். மழை, ஒப்பந்தக்காரர், மேலிடம் என்றே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். 'கேட்கவேண்டியதை நான்தான் நேரத்தில் கேட்கவில்லை' என்று ஒருவர்கூட எழுதவில்லை. "மனுஷங்க அப்படித்தான் மேடம்" என்கிறாள். அதை முடிவுரையாக எழுத முடியாது என்றேன்.

போன வாரம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் திட்டமிடலில் தேர்வு. வழக்கமாகப் பாலம், தொழிற்சாலை என்று ஏதாவது கொடுப்பேன். இந்த முறை கை வேறு எதையோ எழுதிவிட்டது: வெளியூரிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருகிறார், அதற்குள் அறையை ஒழிக்க வேண்டும், வண்ணம் அடிக்க வேண்டும், ஜன்னல் கொக்கி மாற்ற வேண்டும், மெத்தையை வெயிலில் போட வேண்டும்; ஒவ்வொரு வேலையையும் எத்தனை நாள் தள்ளிப்போடலாம், கணக்கிடுக. கொஞ்ச நேரத்தில், வகுப்பில் வக்கீல் என்று பெயரெடுத்த பெண் எழுந்து, "மேடம், அவங்க வர்ற தேதியே குடுக்கலியே, கடைசி நாள் தெரியாம எப்படிப் போடறது?" என்றாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, "மொதல்ல வருவாங்களான்னு கேளுடி" என்றதும் வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். பத்தொன்பது வருடத்தில் கடைசித் தேதி இல்லாமல் நான் கேள்வி கொடுத்ததில்லை. அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். வீட்டில் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. "இந்தத் தடவை வர முடியாது போலம்மான்னு அவ ஃபோன்ல சொன்னப்ப, வேலைதான் முக்கியம், பாத்துக்கோன்னியே, வாடின்னு ஒரு வார்த்தை உன் வாயில வராதா?" என்றார். வராதுதான், உனக்குத் தெரியும். நீ முதன்முதலாக விடுதிக்குக் கிளம்பிய அன்றுகூடப் பெட்டியின் பூட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஃபோனில் அன்று நான் சொன்னது பொய், சிட்டு. உன் அறைக்கு வண்ணம் அடித்தாயிற்று, கொக்கி மாற்றியாயிற்று, மெத்தையை இரண்டு முறை வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. இனித் தள்ளிப்போட ஒரு வேலையும் இல்லை. வா. ஒரு தேதி சொல். அது எவ்வளவு எட்ட இருந்தாலும் சரி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு நான் இருந்துவிடுவேன். எனக்குத் தெரிந்த வேலை அது.

நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். கண் பரிசோதனைக்கு மறக்காமல் போ. தேதியை மட்டும் ஃபோனில் சொல்லாதே, எழுது. ஃபோனில் சொன்னால் மறுபடியும் பார்த்துக்கோ என்றுதான் சொல்வேன்.

உன் வரவை எண்ணியபடி,
அம்மா