செவ்வாய்க்கிழமைப் பாடு

சிங்கப்பூர்
9.3.1986

அன்புள்ள அண்ணன் லோகநாதனுக்குத் தம்பி சிங்காரம் எழுதுவது. நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமா? இதை உங்களுக்கு வாசித்துக் காட்டும் ஞானதாஸ் சாருக்கும் வணக்கம்.

வேலை கிடைத்துவிட்டது. துறையிலிருந்து தீவுக்கு ஆள் ஏற்றிப் போகும் அதிவேகப் படகு. கட்டமரான் என்கிறார்கள். நம் கட்டுமரத்தின் பேர்தான், ஆனால் தேடினாலும் ஒரு துண்டு மரம் கிடையாது. அலுமினியத்தில் இரண்டு உடல், மேலே இருநூறு நாற்காலி. நாளைக்கு எட்டு நடை. கரையில் கயிறு கட்டுவேன், கண்ணாடியில் உப்பைக் கழுவுவேன், வாந்திப் பைகளை அள்ளுவேன். ஓடும்போது முன்னால் நின்று, மிதக்கும் மரக்கட்டைகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏரியில் பழகிய கண் என்று கேப்டன் என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்.

ஏரி வாயில் வலை போட ஊர் எனக்குக் கொடுத்த முறை, அந்தச் செவ்வாய்க்கிழமைப் பாடு, கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்தில் வந்து என் முறையில் நானே வலை போடுவேன்.

உங்கள் தம்பி
சிங்காரம்

பழவேற்காடு
2.5.1986

அன்புத் தம்பி சிங்காரத்துக்கு ஆசிகள். நான் சொல்லச் சொல்ல சார் எழுதுகிறார்.

உன் கடிதத்தை வலை உலர்த்தும் இடத்தில் சார் உரக்கப் படித்தார். ஊரே கேட்டது. வாந்திப் பை என்றதும் உன் அண்ணி காந்தா சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. மாசம் ஒரு கடிதம் போட்டால் உன் படகு நின்றுவிடுமா?

ஊர்க்கூட்டத்தில் தலைவர் சுப்பராயலு, ஊரில் இல்லாதவனுக்குப் பாடு எதற்கு என்று கேட்டார். என் தம்பி வருவான், அதுவரை அவன் பேரில் நான் போடுகிறேன் என்று சண்டை போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் உன் வலையைத்தான் எடுத்துப் போகிறேன்.

வேகப் படகு என்பதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. நம்மைப் பெற்ற நைனாவைக் கவிழ்த்துச் சாகவிட்டு நிற்காமல் போன விசைப்படகை நீயும் கரையிலிருந்து பார்த்தவன். ஜாக்கிரதை.

அண்ணன்
லோகநாதன்

சிங்கப்பூர்
17.11.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

போன வியாழக்கிழமை நல்ல மழை. பத்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பினோம். பாதி வழியில், மிக அருகில், ஒரு கிழவர் சின்னப் படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதற்குள் தாண்டிவிட்டோம். எங்கள் படகின் அலை போய் அவரைக் கவிழ்த்தது. தண்ணீரில் அவர் தலை தெரிந்தது. ஒரு கை தூக்கினார்.

கேப்டன், என்ன அது என்று கேட்டார். மரக்கட்டை என்று சொல்லிவிட்டேன்.

போன மாசம் படகைத் தாமதப்படுத்தியவனை மறுநாளே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் அண்ணா. அந்தப் பயம்தான். வேறு யாராவது அவரைத் தூக்கியிருப்பார்கள். இருநூறு பேரும் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கடிதத்தைச் சார் உங்களுக்கு மட்டும் வீட்டுக்குள் வைத்துப் படிக்கட்டும். ஊருக்குத் தெரிய வேண்டாம்.

தம்பி
சிங்காரம்

பழவேற்காடு
4.1.1987

சிங்காரத்துக்கு,

தனியாகப் படிக்கச் சொன்னதை நீ கடைசியில் எழுதியிருந்தாய். அந்த வரி வருவதற்குள் வலை உலர்த்தும் இடத்தில் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள். கிழவர் கை தூக்கிய இடத்தில் சார் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "மேல படி சார், இன்னா சொன்னான்னு கேக்கலாம்" என்றேன். என் தம்பி படகை நிறுத்தச் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்.

சுப்பராயலு உன்னைத் திட்டவில்லை. "புள்ள பயந்துட்டான், விடு லோகு" என்றார். ஊரும் விட்டுவிடத்தான் பார்த்தது. உன் பேரை எடுக்கச் சொன்னது நான்தான். செவ்வாய்க்கிழமைப் பாடு இனிமேல் குப்பனுக்கு. உன் வலையையும் அவனுக்கே கொடுத்துவிட்டேன்.

நைனாவைத் தாண்டிப் போன விசைப்படகிலும் முன்னால் ஒருத்தன் நின்றிருப்பான். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று பத்து வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

நீ வரலாம், சோறு இருக்கும். ஏரியில் மட்டும் உனக்கு இடமில்லை.

அண்ணன் என்று போடட்டுமா என்று சார் கேட்கிறார். பேர் போதும் என்றேன்.

லோகநாதன்