மதிலுக்கு உள்ளே கிடக்கும் என் பிள்ளை

அக்கா,

வாளியில் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் புகைந்துகொண்டு ஒரு வாடை வருமே, இன்று காலை அது மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நாளைக்குக் கல்லறைத் திருநாள். முன்பெல்லாம் நீங்களும் நானும் ஆளுக்கொரு தென்னை மட்டையோடு போய் என் மூத்த பிள்ளை ஆசீர்வாதத்தின் கல்லறைக்கு வெள்ளையடிப்போம். நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது நான் ஒருத்தியே அவனுக்கும் அடித்து, உங்களுக்கும் அடிக்கிறேன்.

அடித்துக்கொண்டிருக்கும்போது கல்லறைத் தோட்டத்துக் கேட் கிறீச்சிட்டது. யாரோ மண்வெட்டியோடு வருகிறார் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் பூக்காரி. பதினைந்து வருஷம் ஆயிற்று, நடுவில் ஒரு யுத்தமே வந்து முடிந்துவிட்டது, என் பயம் மட்டும் முடிந்தபாடில்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியாததா? "ஒர்க் ஷாப் சங்கு ஊதினாலே பாதி செத்துப் போறியேடி, நீ எப்படித்தான் பொன்மலையில குடித்தனம் பண்றியோ" என்று கேலி செய்வீர்கள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுப்பது உங்கள் உத்தியோகம். ஸ்ரீரங்கத்தில் பாடம் இருக்கும் நாட்களில் துணைக்கு என்னையும் ஜட்காவில் ஏற்றிக்கொள்வீர்கள். காவிரிப் பாலம் தாண்டும்வரை நான் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வருவேன்.

உத்தர வீதி மாமி ஒருத்தி, ரேழியில் நமக்குப் பாயைப் போட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எழுதப் படிப்பாளே, அவள் ஒருநாள் கேட்டாள். "ஏன்டியம்மா, உங்க கோயில்லே பொம்மனாட்டிகள் பூஜை பண்ணலாமோ?"

"கூட்டலாம் மாமி. பெருக்கலாம். பூ ஜோடிக்கலாம்" என்றீர்கள்.

"அப்போ இங்கே மாதிரியேதான்னு சொல்லுங்கோ" என்று மாமி சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். மறுவாரமே மாதர் சங்கத்தில் மனு எழுதினீர்கள். சபைக் கமிட்டியில் இரண்டு பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று மனு. முதல் பெயர் உங்களுடையது. பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்துக் கோணல் மாணலாக இருந்ததற்குக் காரணம் பயம்.

கமிட்டியில் ஒரு பெரியவர் இருந்தாரே, ரிட்டயரான ஹெட்மாஸ்டர், அவருக்குத்தான் தாங்கவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் வேப்பமரத்தடியில் நிற்கும்போது வேண்டுமென்றே உரக்கச் சொன்னார். "இன்னைக்குக் கமிட்டி கேப்பாங்க. நாளைக்குப் பீடத்துல ஏறி நிப்பாங்க."

"பீடத்தைத் துடைக்கிறதுக்கு நாங்க தினம் ஏறிக்கிட்டுதானே ஐயா இருக்கோம்" என்றீர்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த மனுஷர் இதை மறக்க மாட்டார் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போது எனக்கு ஏழாம் மாசம்.

அந்த வாரமே வலி கண்டுவிட்டது. பகல் ஷிப்டு, இவர் ஒர்க் ஷாப்பில் இருந்தார். குருவானவர் பச்சைமலைக் கிராமங்களுக்குப் போயிருந்தார், ஆள் அனுப்பினாலும் திரும்பி வர மூன்று நாளாகும். நீங்கள் ஓடி வந்தீர்கள். பிள்ளை பிறந்தான். அழவில்லை, முனகினான். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

நம் தோட்டத்து வழக்கம் நம் இரண்டு பேருக்கும் தெரியும். ஞானஸ்நானம் ஆகாத குழந்தைகளை மதிலுக்கு வெளியேதான் புதைப்பார்கள். மணி கிடையாது, ஜெபம் கிடையாது. அங்கே முள்ளும் நாயும்தான்.

"பேரு என்னடி வைக்கலாம்?" என்று கேட்டீர்கள். "சரி, ஆசீர்வாதம்" என்று நீங்களே முடிவு பண்ணிவிட்டு டம்ளரில் தண்ணீர் எடுக்கத் திரும்பினீர்கள். அந்த நேரத்தில்தான், அக்கா. அவன் என் மார்மேல் கிடந்தான். சின்னதாக ஒரு ஏக்கம் ஏங்கினான். அதோடு சரி. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன், வரவேயில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிடுவீர்களோ என்று பயம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று தடவை அவன் தலையில் தண்ணீர் ஊற்றினீர்கள். பிறகுதான் அவனை எடுத்துத் துடைத்து, "போயிட்டான்டி" என்றீர்கள்.

உங்கள் பேச்சை நம்பி உபதேசியார் மணி அடித்து அவனை மதிலுக்கு உள்ளே அடக்கம் பண்ணினார்.

குருவானவர் மலையிலிருந்து இறங்கி வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. உங்களையும் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். உங்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். நானும் இவரும் வெளியே நடையில் நின்றோம், உள்ளே பேசுவது கேட்டது. மனுவைப் பற்றிப் பேசத்தான் கூடினார்கள் என்று நினைத்தேன். பெரியவர் மனுவைத் தொடவே இல்லை. நேரே என் பிள்ளையிடம் வந்தார்.

"ஒரு பொம்பளை ஊத்துன தண்ணி ஞானஸ்நானமா? இதை ஒத்துக்கிட்டா அப்புறம் மத்ததையும் ஒத்துக்கணும். தோண்டி வெளியில வைக்கச் சொல்லுங்க."

குருவானவர் நல்ல மனுஷர்தான், ஆனால் என்னைப் போலவே பயந்தவர். "அவசரத்துக்கு யாரும் குடுக்கலாம்னு முறை இருக்குதுங்க. ஆனா உயிர் இருந்திருக்கணும். பிரேதத்துக்கு ஞானஸ்நானம் கிடையாது" என்று இழுத்தார்.

"உயிர் இருந்துச்சுன்னு யாரு சொன்னா? இவங்கதானே? பெத்தவளைக் கூப்பிடுங்க."

பெத்தவளைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் நின்றேன். எல்லாம் ஆண்கள். பால் கட்டி மார் தெறித்தது. ரவிக்கை நனைந்தது தெரிந்துவிடப் போகிறதே என்று முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"தண்ணி ஊத்தும்போது பிள்ளைக்கு உயிர் இருந்துச்சாம்மா? கர்த்தருக்கு முன்னால சொல்லணும்."

இருந்தது என்றால் பொய், எனக்கு நரகம். இல்லை என்றால் அவனைத் தோண்டி எடுப்பார்கள். அவனைப் புதைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. எந்த நிலையில் வெளியே வருவானோ என்று நினைத்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

நீங்கள் எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டீர்கள். "பச்சை உடம்புக்காரிங்க அவ. அவளை ஏன் நிக்க வச்சு கேக்குறீங்க? ஊத்துனவ நான். உயிர் இருந்துச்சு. கர்த்தருக்கு முன்னாலதான் சொல்றேன்."

"உங்க பேச்சை நாங்க நம்பணுமாக்கும்" என்றார் பெரியவர்.

உங்கள் குரல் இறங்கிவிட்டது. அப்படி ஒரு குரலில் நீங்கள் பேசி நான் கேட்டதே இல்லை. "மனுவிலேர்ந்து என் பேரை அடிச்சிடுங்க ஐயா. இனிமே இந்தச் சபையில எதுக்கும் நான் வாய் திறக்க மாட்டேன். அந்தப் பிள்ளையை மட்டும் அங்கேயே விட்டுடுங்க."

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிக்கிடுங்க" என்றார். குருவானவர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். நான் அப்போதும் பேசவில்லை.

உங்கள் பெயர் போனதும் மனுவும் போயிற்று. மற்றவர்கள் ஒவ்வொருத்தராக, வீட்டில் திட்டுகிறார்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அப்புறம் பதின்மூன்று வருஷம் நீங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினீர்கள். மாதர் கூட்டத்தில்கூட வாய்விட்டு ஜெபம் பண்ணியதில்லை. பெரியவரின் சம்சாரமே வந்து கெஞ்சினபோது, "தொண்டை சரியில்லம்மா" என்றீர்களே! பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சில நாள் உங்கள்மேல் கோபம்கூட வந்தது. உங்களை யார் அப்படிச் சொல்லச் சொன்னது என்று மனசுக்குள்ளேயே சண்டை போடுவேன். என் இரண்டு பெண்களுக்கும் காய்ச்சல் வரும்போதெல்லாம், அன்றைய பொய்க்குத் தண்டனை இதோ வந்துவிட்டது என்று முழங்காலில் விழுவேன். ஆனால் அது உங்கள் பொய்யா, என் பொய்யா? உங்களுக்குத் தெரிந்து சொன்னதா, தெரியாமல் சொன்னதா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்துவிட்ட பிறகுதான் கேட்டேன். சாயங்காலம், கஞ்சி கொண்டுவந்திருந்தேன். "அக்கா, அன்னைக்கு அவனுக்கு உயிர் இருந்துச்சா?"

"என்னை ஏன்டி கேக்குற? உன் மார்லதானே கிடந்தான்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "எனக்குத் தெரியும்டி. தண்ணியோட திரும்புனப்பவே உன் மூஞ்சியில தெரிஞ்சு போச்சு."

"பொய் சொன்னதுக்குப் பயமா இல்லையாக்கா?"

"ஏன் இல்லாம? ரொம்பப் பயம். ஆனா கர்த்தர்கிட்ட நான் நேர்ல சொல்லிக்கிறேன். அந்த ஹெட்மாஸ்டர்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு இருமி இருமிச் சிரித்தீர்கள். கஞ்சி ஆறிப்போயிற்று.

நீங்களும் பயந்தீர்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருஷமாக உங்களுக்குப் பயமே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களை நினைத்தால் இப்போது எனக்கு முதலில் வருவது அந்தச் சிரிப்புத்தான்.

ஒரு சமாசாரம் சொல்ல வேண்டும். புதுக் குருவானவர் வந்திருக்கிறார். இனிமேல் கமிட்டியில் இரண்டு பெண்கள் இருக்கலாமாம். மாதர் சங்கத்தார் என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். என் பெயரை! பல்லி விழுந்தால் அலறுகிறவளை! வேண்டாம் என்று சொல்லிவிட நாலு தடவை வாசல்வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு எனக்கு முதல் கூட்டம். மன்னார்புரத்தில் போன மாசம் ஒரு குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. பக்கத்து வீட்டு நர்ஸம்மா தண்ணீர் ஊற்றினாளாம். மதிலுக்கு உள்ளே அடக்கம் பண்ணியதற்கு ஆட்சேபம் வந்திருக்கிறது. அந்தத் தாயை வரச் சொல்லியிருக்கிறார்கள். சின்னப் பெண், பத்தொன்பது வயசுகூட இருக்காது. பெரியவர் இன்னும் கமிட்டியில்தான் இருக்கிறார். கண்தான் மங்கிவிட்டது, பேச்சு அப்படியே இருக்கிறது.

இந்த எழுத்தும் அன்றைய கையெழுத்தைப் போலவே கோணல் மாணலாக இருக்கிறது, அக்கா. அவளை நிற்கவைத்து அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிடுவேன். உயிர் இருந்தது, எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். "நீங்க அங்க இருந்தீங்களா?" என்று பெரியவர் கேட்பார்.

இருந்தேன் என்று சொல்வேன்.