வளையம் விழாத தட்டு

9-1-97, வியாழன்
பனி. ஆவடி ஸ்டேஷனிலிருந்து லேப் வரை தும்மல். பட்டாபிராம் வெல்டரின் வாயிலிருந்து எடுத்து வளர்த்த தட்டைப் பார்த்தேன். வாய்ப்பூஞ்சை. மருந்து தோய்த்த காகித டிஸ்க்கைச் சுற்றிப் பூஞ்சை செத்து வெற்று வளையம் விழ வேண்டும். விழவில்லை. டிஸ்க்கை ஒட்டியே வளர்ந்து நிற்கிறது.

டாக்டர்: "டிஸ்க் பழசா இருக்கும்பா. அதே மாத்திரை இன்னும் பத்து நாள்."

வெல்டருக்குத் தண்ணீரே இறங்கவில்லை. மாத்திரை கேட்காவிட்டால் ஊசி மருந்து, அது பெரியாஸ்பத்திரியில்தான். அதற்கு டாக்டர் கடிதம் வேண்டும். கடவுளே.

10-1, வெள்ளி
வெல்டரும் மனைவியும் வந்தார்கள். மாத்திரையை எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்டேன்.

"வாய்ல வெள்ளை போச்சுன்னா நிறுத்திடுவேன். வந்துச்சுன்னா மறுபடி ஒண்ணு."

"சொன்னா கேட்டாத்தானே அண்ணாத்தே," என்றாள் மனைவி.

ஆறு மாதமாக இந்தக் கூத்து. பூஞ்சைக்குள் மருந்து போய் ஒட்டும் என்சைமின் மரபணுவில் ஓரெழுத்து மாறினால் போதும், மருந்து ஒட்டாது. அப்படி மாறிய ஒன்றிரண்டு பிழைத்துப் பெருகும். அரைகுறை மருந்து அதற்கு வசதி. டாக்டரிடம் சொன்னேன். "நீ டெக்னீஷியன்" என்றார்.

வெல்டருக்கு எதிர்ப்புச் சக்தியை அரிக்கும் நோய். பெயரை லேப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வேலை: புது டிஸ்க், திங்கள் வரும். ஜூலையில் எடுத்த வெல்டருடைய பூஞ்சை, அப்போது மருந்துக்குச் செத்தது, ஃப்ரிஜ்ஜில் குழாயில். 'பழசு' என்று லேபிள் ஒட்டியாயிற்று. அதையும் இப்போதையதையும் ஒரே தட்டில் போட்டு டாக்டர் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும்.

15-1, புதன்
ஃப்ரிஜ் பளபள. குழாய் இல்லை! கூட்டிப் பெருக்கும் பொன்னம்மா போகி நெருப்பில் போட்டுவிட்டாள். கத்தினேன்.

"பழசுன்னு நீதானே நைனா எய்தி ஒட்டிகீற? போகிக்குப் பழசக் கொளுத்தாம, உள்ள வெச்சுப் பூஜை போடுவாங்களா?"

போன வருஷம்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றாள்.

மதியம் உறைத்தது. முட்டாள் நான். டிஸ்க் நல்லது என்று காட்ட இந்த மருந்தே சாப்பிடாத எவர் வாய்ப்பூஞ்சையும் போதும். பொன்னம்மாவுக்குப் பொய்ப்பல், அதனடியில் பூஞ்சை இருக்கும்.

"வாயைத் திற."

"இன்னாத்துக்கு?"

"எரிச்சதுக்கு."

18-1, சனி
ஒரே தட்டு, நடுவில் கோடு, புது டிஸ்க். பொன்னம்மா பக்கம் ரூபாய்க் காசு அகலத்துக்கு வளையம். வெல்டர் பக்கம் ஒன்றுமில்லை. டாக்டர் வெளிச்சத்தில் இரண்டு முறை பிடித்துப் பார்த்தார். கடிதம் எழுதினார்.

"நம்மளுது நல்ல பூச்சிதானே?" என்றாள் பொன்னம்மா.

19-1, ஞாயிறு
பட்டாபிராம். வெல்டர் வீடு. கடிதத்தை நீட்டினேன்.

"இதுல அந்த நோய் பேரு கீதா?"

"இருக்கு."

மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் மனைவி கடிதத்தைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"காலைல மொத வண்டி. அங்க வந்து டாக்டராண்ட வாயத் தொற. இப்ப மூடு."