பசியாத்தா

ஆச்சு சித்தி, பசியாறியாச்சு. இன்றைக்குக் கொஞ்சம் பெரிய இடத்தில். கம்பத்திலிருந்து கூடலூர் போகும் ரோட்டில் அந்தக் கால மலேசியா மாதிரி ஒரு கடை திறந்திருக்கிறார்கள். பச்சைப் பெயின்ட் அடித்த மரச் சன்னல், வட்டப் பளிங்கு மேசை, பூப்போட்ட பீங்கான் கோப்பை. சுவர் முழுக்க யார் வீட்டுத் தாத்தாக்களோ சட்டத்துக்குள் தொங்குகிறார்கள். கடைக்காரப் பையனுக்குச் சொந்த ஊர் போடி. மலேசியாவை அவன் போனில்தான் பார்த்திருக்கிறான். வெளியே வாழைத் தோட்டம் நிற்கிறது, உள்ளே வாழையிலைப் படம் அச்சடித்த தட்டில் சோறு வைக்கிறார்கள். நீ பார்த்திருந்தால் தட்டைத் தட்டித் தட்டிச் சிரித்திருப்பாய்.

கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது அந்த வாசம்தான். தேங்காய்ப்பாலில் ரம்பை இலையை முடிச்சுப் போட்டு வேகவைத்த சோறு. நம் வீட்டுப் பின்கட்டில், ஓலைச் சாய்ப்புக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நீ கிளப்பிவிடும் வாசம். நாசி லெமாக் என்பாய். காமயகவுண்டன்பட்டியில் நம் தெரு அதற்கு வைத்த பெயர் எழவு வீட்டுச் சோறு. இன்றைக்கு அதே தெருக்காரர்கள் இரண்டு பேர் அதே சோற்றோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை.

அப்பா மலேசியாவில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போய் எட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது கொண்டுவந்தது ஒரு டிவி, இரண்டு கம்பளி, நீ. ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை உனக்கு விமானத்தில் வைத்துத்தான் சொன்னாராம். இறங்க முடியாத இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அந்த அளவுக்குப் புத்தி உண்டு.

மறுநாள் விடிந்ததும் அம்மாவின் அண்ணன்மார் வந்து முன்வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். உன்னை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று பேச. அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். உன்னை யாரும் கூப்பிடவில்லை. நீயாகவே காபித் தட்டோடு வந்து பெரிய மாமா முன்னால் நின்று, சிரித்த முகமாகக் கேட்டாய்.

"பசியாறிட்டீங்களா?"

உன் ஊரில் அது காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி. பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு, அவ்வளவுதான். எங்கள் பக்கம் அந்தச் சொல்லைக் கோயில் அன்னதானத்தில்தான் கேட்டிருக்கிறோம். மாமா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன மாப்ள இது? நம்மளக் கஞ்சிக்கு வந்து நிக்கிற கூட்டம்னு நெனச்சுட்டாளா?"

அம்மா உள்ளேயிருந்தபடியே சொன்னாள். "பசியில கெடந்து வந்தவ வாயில வேற என்னண்ணே வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சாயங்காலத்துக்குள் தெரு உனக்குப் பெயர் வைத்துவிட்டது. பசியாத்தா. அதோடு தீர்ப்பும் வந்தது. பின்கட்டுச் சாய்ப்பில் இருந்துகொள்ளலாம், அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது. உன்னைச் சித்தி என்று கூப்பிட்டால் சோறு கிடையாது என்று அம்மா என்னிடம் சொன்னாள். நான் கூப்பிட்டேன். சோறு நீ போட்டாய். கணக்கு சரியாகிவிட்டது.

நீ ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. எதிர்வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் பசியாத்தா என்று இழுத்தபோது, "ஆமாங்க, உங்க வீட்டுக்காரர் பசியையும் நான்தான் ஆத்தணுமா, வரச் சொல்லுங்க" என்றாய். அவள் குடத்தை விட்டுவிட்டுப் போனாள். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றபோது அம்மா அழுதாள், அப்பா செருப்பைத் தேடினார். நீ மட்டும்தான் முட்டையைத் தட்டிக்கொண்டே, பேச்சு முடிவில் உன் ஊர் 'லா'வை ஒட்டிச் சொன்னாய். "படிக்கல, சரி. இனிமே இந்த வீட்டுல உனக்கும் எனக்கும் ஒரே மரியாததான் தம்பி. ரொம்ப யோசிக்காத லா. பசியாறு."

அரைவேக்காட்டு முட்டை. இரண்டை உடைத்துச் சாசரில் ஊற்றி, கறுப்புச் சாஸும் மிளகுத்தூளும் போட்டு அப்படியே உறிஞ்சச் சொல்வாய். முதல் தடவை வாந்தி எடுத்தேன். இரண்டாவது தடவையும்தான். இன்றைக்குக் கடையில் அதையே கேட்டு வாங்கி உறிஞ்சினேன். எதிரில் உட்கார்ந்திருந்த என் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம்.

குமுளி நர்சரியில் பிரியாணிக் கைதை என்று விற்கிற ரம்பைச் செடியை நான் என் சவாரி ஜீப்பில் வாங்கி வந்து கொடுத்ததிலிருந்து நீ வாரம் தவறியதில்லை. சோறு, மேலே மிளகாய் அரைத்து வதக்கிய சம்பல், வறுத்த நெத்திலி, நிலக்கடலை, பாதி முட்டை. எவர்சில்வர் பாத்திரத்தில் தளும்ப வைத்து அம்மாவின் அடுப்படி வாசலில் கொண்டுபோய் வைப்பாய். உள்ளே பார்த்து, "அக்கா, பசியாறுங்க" என்பாய். பதில் வராது. பத்து மணிவாக்கில் அம்மா அந்தப் பாத்திரத்தைத் தெருவாசலுக்குத் தூக்கி வந்து, நாலு பேர் பார்க்கிற மாதிரி சாக்கடையில் கவிழ்ப்பாள். "சீ, மோந்து பாக்க முடியல" என்பாள். நாய்கள் அடித்துக்கொள்ளும்.

தளும்ப வைத்ததுதான். கவிழ்த்தால் கையளவுதான் விழும்.

பூனை வருகிறது என்று நீ நினைத்தாய். அடுத்த வாரம் மூடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாய். அப்போதும் கையளவுதான்.

"குழவியத் தூக்கி எறக்கி, தின்னுட்டு, திரும்ப வைக்கிற பூனையா சித்தி?"

"உங்க ஊருப் பூனை லா. எதுவும் செய்யும்."

நான் அப்பாவைத்தான் சந்தேகப்பட்டேன். உனக்குப் பின்னால் நிற்கத் துப்பில்லாத மனிதர், உன் சோற்றை மட்டும் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று. அதைச் சொல்லி உன்னிடம் அவரைத் திட்டவும் செய்தேன். உனக்கு அதில் அக்கறையே இல்லை. யார் தின்றால் என்ன, அம்மா தின்னவில்லையே என்பதுதான் உன் கவலை.

"அக்கா ஒரு வாய் தின்னாப் போதும் தம்பி. வாய்க்குப் புடிச்சுட்டா மனுசனைத் துப்ப முடியாது லா."

நீ முழு முட்டாள் என்று அப்போதே எனக்குப் பட்டது. நாலு வருடம் அந்த ஒரு வாய்க்காகத் தேங்காய் துருவினாய்.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை. பச்சிலை கொடுத்தார்கள், பத்தியம் என்று உப்பில்லாத மோர்ச்சோறு கொடுத்தார்கள். அம்மாதான் கொண்டுவந்து சாய்ப்பு வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அதற்குக் குழவி தேவைப்படவில்லை, எந்தப் பூனையும் வரவில்லை. கண் முழுக்க மஞ்சளாகி, பேச்சுக் குழற ஆரம்பித்த பிறகுதான் அப்பா ஆஸ்பத்திரிக்குச் சரி என்றார். என் ஜீப்பில்தான் கொண்டுபோனேன். படுக்கையில் கிடந்தபடி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டாய்.

"அக்கா ஒரு நாளாச்சும் தின்னாங்களா தம்பி?"

"இல்ல சித்தி."

"ம். சரி லா."

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று அக்கா இப்போதும் கேட்கிறாள். சாகிறவளிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

உன்னை எடுத்த அன்று பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, "பசியாத்தா, போயிட்டியே" என்று மாரடித்து அழுதார்கள். கேலிக்கு இல்லை, நிஜமாகவே அழுதார்கள். உன் பெயர் அவர்களுக்குத் தெரியாது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறவன் பெயர் கேட்டு வந்தபோது, அதெல்லாம் வேண்டாம் என்று அப்பா அனுப்பிவிட்டார்.

இன்றைக்கு அக்காதான் எல்லோரையும் கடைக்கு இழுத்து வந்தாள். போனில் பார்த்தாளாம். அம்மா வரமாட்டாள் என்று நினைத்தேன். புதுச்சேலை கட்டி முதல் ஆளாகக் காரில் ஏறினாள்.

அப்பாவுக்கு அங்கே போனதும் கொம்பு முளைத்துவிட்டது. காபியைக் கோப்பி என்றார். டீயை எப்படி இழுத்து ஆற்ற வேண்டும் என்று பரிமாறுகிற பையனுக்குப் பாடம் எடுத்தார். கடைக்காரப் பையன் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நிஜமாகவே மலேசியாவில் இருந்த ஆள் அவன் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவையாம். பழைய போட்டோ இருந்தால் கொடுங்கள், சுவரில் மாட்டுகிறேன் என்றான். பிறகு ஆசையாகக் கேட்டான்.

"அங்கன உங்களுக்கு இதெல்லாம் யாரு ஐயா சமைச்சுக் குடுப்பாக?"

அப்பா கோப்பையைப் பார்த்தார். "யாரு இருக்கா. தனியாளுதான். கடையில திங்கிறது."

தனியாள். எட்டு வருடத்தையும் அதற்கு அப்புறம் நீ இங்கே இருந்த வருடங்களையும் அந்த ஒரு சொல்லில் முடித்துவிட்டார். நான் எழுந்தேன். தட்டை எடுத்து அவர் மேல் கவிழ்ப்பதாகத்தான் எழுந்தேன்.

அப்போது அம்மா, தலையை நிமிர்த்தாமல், சம்பலை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"புளி பத்தல. இனிப்பு தூக்கலா இருக்கு. அவ வைக்கிறதுல புளி முன்னால நிக்கும்."

"யாரும்மா?" என்றான் கடைக்காரப் பையன்.

அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. நான் நின்றபடியே கேட்டேன்.

"நீ எப்பம்மா தின்ன?"

"கொட்டுறவளுக்கு என்ன கொட்டுறோம்னு தெரிய வேணாமா?"

"குழவியத் தூக்கி வச்சுட்டா?"

"குழவி என்ன, மலையா?"

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அப்ப நல்லாவாம்மா இருந்துச்சு?"

அம்மா தண்ணீர் குடித்தாள். முந்தானையில் வாயைத் துடைத்தாள்.

"நல்லா இருந்துச்சு. அதான் கொட்டுனேன்."

சொல்லிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டாள். நெத்திலித் தலைகூட விடவில்லை. அவள் அழவில்லை, நீ அப்படி எதையும் கற்பனை செய்துகொள்ளாதே. வழித்துத் தின்று முடித்தபோது நான் குனிந்து, நீ கேட்கிற அதே இழுப்பில், அவள் காதுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"பசியாறியாச்சா?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அறைவாள் என்று நினைத்தேன்.

"ஆச்சு," என்றாள். "எந்திரி, போவோம்."

அவர்கள் அக்கா காரில் போய்விட்டார்கள். நான் கடை வாசலில் ஜீப்புக்குள் உட்கார்ந்து இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நான் உனக்குச் சொன்னது தப்பு, சித்தி. தின்றாள். ஒரு நாள் இல்லை, வாராவாரம் தின்றாள். வாய்க்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தும் துப்பினாள். நீ நினைத்ததில் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி உனக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ நாலு வருடம் அடுப்படி வாசலில் நின்று கேட்ட "ஆச்சு" கிடைத்துவிட்டது. கொடுக்கத்தான் ஆள் இல்லை. நான் வைத்திருக்கிறேன்.

இங்கேயே ஏறிக்கொள்ளச் சொல்லியிருந்த என் சவாரி, மதுரைக்காரக் குடும்பத்தார், கடையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் மலையேற்றி இறக்க வேண்டும். ஏறும்போது வழக்கம்போல உன் கேள்வியைத்தான் கேட்பேன். யாராவது சிரிப்பார்கள். கதவைத் தட்டுகிறார்கள், நான் போக வேண்டும்.