ஒரு விளக்கில் வந்த முகம்

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருஷத்துக்கு அடுத்த வருஷம், வைகாசி வெள்ளி. எழுதத் தெரியாத நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

மகள் கேட்ட என் படத்துக்காக, துறைமுகத்தடியில் புதிதாக ஸ்டூடியோ போட்ட பர்வீனிடம் போனேன். இரண்டு பக்கமும் விளக்கு வைத்து எடுத்தாள். முகம் வெள்ளையடித்த சுவர்போல் தட்டையாக வந்தது. ஒன்றை அணைத்தாள். மற்றதைப் பக்கவாட்டில் உயர்த்தி, அதன் முன்னால் வெள்ளைக் குடையை விரித்தாள்.

"வீட்டுக்குள்ள மழையோ, பிள்ளை?"

"வெளிச்சம் மெத்தெண்டு விழத்தான் ஐயா. பகிடி விடாம அசையாம இருங்கோ."

இந்த முறை ஒரு கன்னத்தில் நிழல் விழுந்திருந்தது. படத்திலிருந்து என்னைப் பார்த்தது நான் இல்லை, என் அப்பா! அவருடைய ஒரே படத்தையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. என் கண்ணை மட்டும் நம்ப ஏலாது. அது அப்பாதான் என்று சொல்ல, அவரைக் கண்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது வெருகலில் என் அக்கா, நாகம்மா மட்டும்தான். படத்தை அவளிடம் காட்டவேணும்.